உவமை, உருவகம், உள்ளுறை, படிமம், குறியீடு: பாட்டுக்குள் எப்படி இனங்காண்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இளங்கலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறீர்கள். உவமை, உருவகம், பிறிது மொழிதல், தற்குறிப்பேற்றம், உள்ளுறை, இறைச்சி, படிமம், குறியீடு எல்லாவற்றுக்கும் வரையறை மனப்பாடமாகத் தெரியும். ஆனால் முன்பு படிக்காத ஒரு பாடலைக் கொடுத்து இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கை ஓடவில்லை. அதனால் எளிய விளக்கங்களோடு ஒரு பட்டியல் வேண்டும் என்கிறீர்கள். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு பட்டியல் கிடைத்தால் மனப்பாடம் செய்ய இன்னொரு பக்கம் கூடும், அவ்வளவுதான். உங்களுக்குத் தேவைப்படுவது, பாட்டின் முன் உட்கார்ந்ததும் முதலில் எதைத் தேடுவது என்ற தெளிவு. 22 ஆண்டுகள் கல்லூரியில் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். தடுமாறிய மாணவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி ஒரே ஒரு கேள்வி. கவிஞர் இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அவற்றில் எவ்வளவைச் சொன்னார், எவ்வளவைச் சொல்லாமல் விட்டார்? இந்தக் கேள்வியைப் பாட்டிடம் கேட்டுவிட்டு, கிடைக்கும் பதிலுக்குப் பெயர் தேடுங்கள். பெயரை முதலில் கையில் வைத்துக்கொண்டு பாட்டுக்குள் போனால், போன இடமெல்லாம் அந்தப் பெயர்தான் தெரியும்.

உவமையில் எல்லாமே சொல்லப்பட்டிருக்கும். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் இருக்கிறது, பொறுப்பவர் இருக்கிறார், இரண்டையும் இணைக்கும் 'போல' இருக்கிறது. தாங்குதல் என்ற பொதுத்தன்மைகூட வெளிப்படையாக வந்துவிட்டது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிலம் எல்லாரையும் தாங்குகிறது என்று வள்ளுவர் பொதுவாகச் சொல்லவில்லை. தன்னை வெட்டிக்கொண்டிருப்பவனையே, அவன் வெட்டும் அந்த நேரத்திலேயே, காலடியில் தாங்கி நிற்கிறது என்கிறார். 'அகழ்வாரை' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் உவமை இருக்கும், அதன் உயிர் போய்விடும். தேர்வில் 'உவமையணி' என்று எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் இந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி எழுதிய விடைத்தாளை நான் தனியாக எடுத்து வைத்து இன்னொரு முறை படித்திருக்கிறேன்.

தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களை நான்காகச் சொன்னார்: வினை, பயன், மெய், உரு. புலி போன்ற மறவன் என்றால் பாய்ச்சல், அதாவது வினை. மழை போன்ற கை என்றால் கொடுத்தலின் பயன். துடி போன்ற இடை என்றால் வடிவம், அதுவே மெய். பொன் போன்ற மேனி என்றால் நிறம், அதுவே உரு. இந்த நான்கையும் மாணவர்கள் ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகப் பயனுள்ள கருவியாகத் தெரிகிறது. ஓர் உவமையைக் கண்டால் எந்த வகையில் ஒப்பு என்று கேட்கச் சொல்கிறது. கேட்டால்தான், நிறத்துக்கு மட்டும் ஒப்பிட்ட கவிஞரும் செயலுக்கு ஒப்பிட்ட கவிஞரும் வேறு வேறு வேலை செய்திருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

உருவகத்தில் இரண்டு பொருளும் சொல்லப்படும். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி போய்விடும். அது போல இது என்ற நிலை மாறி, இதுவே அது என்றாகிவிடும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம். 'போன்ற' மறைந்து நிற்கும் உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லுக்கும் நடுவே 'போன்ற' போட்டுப் பாருங்கள், 'ஆகிய' போட்டுப் பாருங்கள். எது இயல்பாக அமர்கிறதோ அதுதான் விடை. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை போதும்.

உருவகத்தில் ஏகதேச உருவகம் என்ற ஒரு வகையைத்தான் மாணவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். பெயர் பெரியதாக இருப்பதைத் தவிர அதில் அச்சப்பட ஒன்றுமில்லை. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்' என்பதில் பிறவி கடலாகிவிட்டது. கடல் என்றால் அதைக் கடக்க ஒரு தெப்பம் வேண்டும். இறைவன் அடியே அந்தத் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. ஒரு பாதியை உருவகம் செய்து, மறு பாதியை நம்மிடம் விட்டுவிட்டார். சொன்னது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்ற கேள்வியை இங்கே கேட்டிருந்தால் பெயர் தானாக வந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன ஆகும்? 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு' என்பதில் எழுத்தைப் பற்றி ஒரு வாக்கியம், உலகைப் பற்றி ஒரு வாக்கியம். 'அதுபோல' என்ற இணைப்பு மட்டும் இல்லை. இது எடுத்துக்காட்டு உவமை. மேலும் ஒரு படி போய், சொல்ல வந்த பொருளையே சொல்லாமல் விட்டால் அது பிறிது மொழிதல். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்' என்ற குறளில் மயிலிறகு இருக்கிறது, வண்டி இருக்கிறது, முறியும் அச்சு இருக்கிறது. மன்னனும் இல்லை, பகைவரும் இல்லை, போரும் இல்லை. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதோடு குறள் முடிந்துவிடுகிறது. எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் முறிவான் என்ற பொருளை நாமாக எடுத்துக்கொள்கிறோம். எங்கிருந்து எடுக்கிறோம்? 'வலியறிதல்' என்ற அதிகாரத் தலைப்பிலிருந்து. அந்தத் தலைப்பை மூடிவிட்டு இதே குறளை ஒரு புதியவரிடம் கொடுத்தால், அளவுக்கு மீறிய உணவு, கடன், வேலைச்சுமை என்று எதற்கு வேண்டுமானாலும் பொருத்திவிடுவார். எதையும் தவறு என்று சொல்ல முடியாது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள். குறியீட்டுக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும். பெயர் வேறுபாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே அணியை, அணிகளுக்கு இலக்கணம் சொல்லும் நூலான தண்டியலங்காரம் 'ஒட்டு' என்கிறது. உங்கள் பாடநூலில் ஒரு பெயரும் உரைநூலில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டும் வேறு என்று குழம்ப வேண்டாம்.

'போல' என்று வந்தால் உவமை என்ற குறுக்குவழியை உங்களுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை எவ்வளவு சீக்கிரம் விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. அதற்குக் காரணம் காட்ட நான் எப்போதும் எடுப்பது இரண்டு ஊர்களின் கொடிகளை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில் மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோ அந்த அசைவை 'வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட' என்கிறார். வராதே, வராதே என்று கை காட்டி மறிக்கின்றனவாம். கம்பராமாயணத்தில் இராமன் மிதிலைக்குள் நுழைகிறான். அங்கும் கொடிகள், அங்கும் காற்று. கம்பரோ 'செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி' அந்த நகரம் இராமனை 'ஒல்லை வா என்று அழைப்பது போன்றது' என்கிறார். ஆடியது துணி, ஆட்டியது காற்று. ஒருவருக்கு அது 'வராதே' என்கிறது, இன்னொருவருக்கு 'சீக்கிரம் வா' என்கிறது. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்கிறார், அதனால் தற்குறிப்பேற்றம்.

இரண்டு இடத்திலும் 'போல்', 'போன்றது' இருப்பதைப் பார்த்தீர்களா? ஒரு வகுப்பில் கம்பரின் வரியைக் கரும்பலகையில் எழுதி என்ன அணி என்று கேட்டேன். முக்கால் வகுப்பு உவமை என்றது. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழுந்து, 'ஐயா, கொடி எதைப் போல இருக்கிறது என்று அவர் சொல்லவில்லையே, கொடி ஏன் ஆடுகிறது என்றல்லவா சொல்கிறார்' என்றாள். அதைவிடத் தெளிவாக நான் இதுவரை சொன்னதில்லை. உவமை 'எதைப் போல' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. தற்குறிப்பேற்றம் 'ஏன்' என்ற கேள்விக்குக் கவிஞர் புனைந்து தரும் பதில். அதே வரிக்குள் 'கொடிகள் என்னும் கைகள்' என்று ஓர் உருவகமும் இருக்கிறது. ஒரு பாட்டில் ஓர் அணிதான் இருக்க வேண்டும் என்பது தேர்வுத்தாள் உண்டாக்கிய எண்ணம். கவிஞர்கள் அப்படி எழுதுவதில்லை. எது மேலோங்கி நிற்கிறது என்று சொல்லி, மற்றது துணையாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இனி அகப்பாட்டுக்கு, அதாவது காதல் வாழ்வைப் பாடும் சங்கப் பாட்டுக்கு வருவோம். உள்ளுறையும் இறைச்சியும் நீங்கள் தனியாகக் கேட்டவை. முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிடலாம். தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை. உரி என்பது புணர்தல், பிரிதல் முதலான ஒழுக்கம். இன்று நாம் 'கதையின் கருப்பொருள்' என்று எழுதும்போது கதையின் மையக் கருத்தைக் குறிக்கிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. குறுந்தொகைப் பாடலின் கருப்பொருள் என்ன என்ற வினாவுக்கு 'பிரிவுத் துயரம்' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டில் பிரிவு உரிப்பொருள். கருப்பொருள் அங்கே நிற்கும் மரமும் யானையும். சங்கப் பாட்டைப் பற்றி எழுதும்போது பழைய பொருளிலும், இக்காலச் சிறுகதையைப் பற்றி எழுதும்போது புதிய பொருளிலும் அந்தச் சொல்லைக் கையாளுங்கள். இரண்டாவதற்கு 'மையக் கருத்து' என்று எழுதினால் குழப்பமே இல்லை.

உள்ளுறை அந்தக் கருப்பொருளின் வழியாகத்தான் பேசும். ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை எட்டாம் பாட்டு இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 'கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று தொடங்குகிறது. வயலோரத்து மாமரத்தில் முதிர்ந்து தானாக உதிரும் இனிய பழத்தைப் பொய்கையில் இருக்கும் வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன். பேசுகிறவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி பேசுகிறாள். இப்போது அந்த மீனைப் பாருங்கள். அது மரம் ஏறவில்லை, பழத்தைத் தேடிப் போகவும் இல்லை. பழம் தானாக வந்து விழுந்தது, மீன் கவ்விக்கொண்டது. 'உங்கள் தலைவனை நான் வலை வீசிப் பிடிக்கவில்லை. அவனே வந்தான்' என்பதை அவள் ஒரு சொல்லாலும் சொல்லவில்லை. ஊரை வருணிப்பதாகப் பாவனை செய்து, அத்தனையையும் மீனுக்குள் வைத்துவிட்டாள்.

அதே பாட்டில் வெளிப்படையான உவமை ஒன்றும் வருகிறது. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்கும் 'ஆடிப் பாவை போல', அதாவது கண்ணாடியில் தெரியும் உருவம் போல, அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். யாருக்குச் செய்கிறான்? 'தன் புதல்வன் தாய்க்கே.' மனைவி என்ற சொல்லைக்கூட அவள் கொடுக்கவில்லை. ஆறு அடிக்குள் உள்ளுறையும் உவமையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கண்ணாடி உருவத்துக்குப் 'போல' இருக்கிறது, தலைவனும் சொல்லப்பட்டுவிட்டான். மீனுக்குப் 'போல' இல்லை. மீன் யார் என்பதும் சொல்லப்படவில்லை. வேறுபாட்டை இதைவிட அருகில் வைத்துக் காட்ட முடியாது. ஒரு நாள் மாலை இந்தப் பாட்டோடு மட்டும் உட்கார்ந்து பாருங்கள்.

பிறிது மொழிதலிலும் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டார்கள், உள்ளுறையிலும் அதுதானே நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செயல்முறை ஒன்றுதான். உள்ளுறை அகப்பாட்டின் திணைக்குள், அதாவது குறிஞ்சி, மருதம் போன்ற நில ஒழுக்கப் பிரிவுக்குள், அந்த நிலத்துக் கருப்பொருளைக் கொண்டு அமைய வேண்டும். அதிலும் தெய்வத்தை உள்ளுறைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தொல்காப்பியம் விலக்கு வைக்கிறது. பீலி ஏற்றிய வண்டிக்கு அப்படித் திணையோ நிலமோ கட்டுப்பாடாக இல்லை.

இதுவரை சொன்னவற்றில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இறைச்சி அப்படியல்ல. அதற்குரிய நூற்பாவிலேயே 'உரிப்புறத்ததுவே' என்றும் 'பொருட்புறத்ததுவே' என்றும் இரண்டு பாடங்கள் உண்டு. உரையாசிரியர்கள் விளக்குவதும் ஒன்றுபோல் இல்லை. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் எல்லைக்கோடு எங்கே என்பதில் இக்கால ஆய்வாளர்களும் ஒத்துப்போகவில்லை. அதனால், 'இறைச்சி என்றால் இதுதான்' என்று ஒரே வரியில் அடித்துச் சொல்லும் குறிப்பேடு எதைக் கண்டாலும் கொஞ்சம் தயங்குங்கள். நான் மாணவர்களுக்குச் சொன்னது எனக்கு நடைமுறையில் உதவிய ஒரு வேறுபாடு. முடிந்த முடிவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாட்டில் தலைவன் பொருள் தேடப் பிரிந்துபோயிருக்கிறான். தோழி ஆறுதல் சொல்கிறாள். அவர் உன்மேல் ஆசை மிகுந்தவர், அன்பும் செய்வார் என்று சொல்லிவிட்டு, 'பிடிபசி களைஇய பெருங்கை வேழம் மென்சினை யாஅம் பொளிக்கும் அன்பின தோழி அவர் சென்ற ஆறே' என்கிறாள். பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும் வழி அது. இங்கே யானைதான் தலைவன் என்று பொருத்தினால் ஒட்டவில்லை. யானை துணையோடு இருக்கிறது, தலைவன் துணையை விட்டுப் போய்விட்டான். அந்தக் காட்சியைப் போகிற வழியில் அவன் காண்பான், கண்டால் உன் நினைவு வரும், நினைவு வந்தால் திரும்புவான் என்ற குறிப்பு அந்தக் காட்சிக்கு அப்பால் எழுகிறது. இலக்கண நுணுக்கம் ஒன்றையும் பாருங்கள். 'அன்பின' என்பது யானையைக் குறிக்கவில்லை, வழியைக் குறிக்கிறது. வழியே அன்புடையதாம். உள்ளுறையில் மீன் இவள், பழம் அவன் என்று உறுப்புக்கு உறுப்பு பொருத்திவிட முடிகிறது. இறைச்சியில் அப்படிப் பொருத்தப் போனால் கை நழுவுகிறது. காட்சி முழுவதும் சேர்ந்து ஒரு குறிப்பைத் தருகிறது. பொருத்திப் பாருங்கள், பொருந்தாவிட்டால் இறைச்சியாக இருக்கலாமா என்று யோசியுங்கள். நான் சொல்லத் துணிவது அவ்வளவுதான்.

படிமம் இந்த வரிசையில் சேராத சொல். உவமை, உருவகம் இரண்டும் கவிஞர் பொருள்களை இணைக்கும் முறைக்குப் பெயர். படிமம், படித்தவர் மனத்தில் எழும் புலன்காட்சிக்குப் பெயர். அதனால் 'இது உவமையா, படிமமா' என்ற கேள்வியே பல இடங்களில் தவறான கேள்வி, இரண்டுமாக இருக்கலாம். குறுந்தொகை 41இல், காதலர் அருகில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊர் போல மகிழ்வேன் என்ற தலைவி, அவர் பிரிந்த நாளில், 'மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல' பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள். மக்கள் விட்டுப் போன வீடு, அதன் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. வடிவத்தில் இது உவமை, 'போல' இருக்கிறது. ஆனால் நம்மை விடாமல் பிடித்துக்கொள்வது அந்த அணில். ஆள் நடமாட்டம் உள்ள முற்றத்தின் நடுவே அணில் அச்சமில்லாமல் ஆடாது. அது அங்கே ஆடுகிறது என்றால் நெல் காயப்போட ஆள் இல்லை, விரட்டக் குழந்தை இல்லை. யாருமில்லை என்று சொல்ல ஓர் உயிரைக் கொண்டுவந்து ஆடவிட்டிருக்கிறார். பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோய், அணிலாடு முன்றிலார் என்று அந்தக் காட்சியே அவருக்குப் பெயராகிவிட்டது. படிமம் என்ற சொல் புதிது. 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழையொட்டி வளர்ந்த புதுக்கவிதை விவாதங்களில்தான் அது நன்றாக ஊன்றியது. அந்தச் சொல் சுட்டும் திறம் எவ்வளவு பழையது என்பதற்கு இந்த அணில் போதும்.

குறியீடு என்பது, நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இடத்தில் தொடங்குகிறது. பீலி ஏற்றிய வண்டிக்குப் பொருள் இதுதான் என்று அதிகாரத் தலைப்பு அடைத்துக் கொடுத்தது. அடைத்துக் கொடுக்க யாரும் இல்லாதபோது என்ன ஆகும்? பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் அதை அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியிலேயே 'வெந்து தணிந்தது காடு'. வைத்ததற்கும் தணிந்ததற்கும் நடுவே ஒரு சொல்கூட இல்லை. காடு எரிந்த நேரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விட்டது. தீப்பொறியைக் குஞ்சு என்றதால் அதை வைக்கும் இடம் பொந்தாகிறது. பறவைக்குரிய இரண்டு சொற்களும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. இது வரை உருவகம். அந்த நெருப்பு எது என்று பாரதி சொல்லவே இல்லை. விடுதலை உணர்வு என்பார் சிலர், ஞானம் என்பார் சிலர், கவிஞனின் சொல் என்று படிப்பவர்களும் உண்டு. பாட்டு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது, எதற்குள்ளும் அடங்கிவிடவில்லை. அதுதான் குறியீடு. தேர்வில் குறியீட்டைப் பற்றி எழுதும்போது 'நெருப்பு விடுதலையைக் குறிக்கிறது' என்று மூடிவிடாதீர்கள். 'விடுதலையாகக் கொள்ள இன்ன சொற்கள் இடம் தருகின்றன' என்று எழுதி அந்தச் சொற்களைக் காட்டுங்கள். எதை வேண்டுமானாலும் பொருளாகச் சொல்லலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சொன்ன பொருளுக்குப் பாட்டில் சான்று காட்ட முடிய வேண்டும்.

எதுகை, மோனை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதியில் ஒன்றினால் இயைபு. எதுகையில் முதலெழுத்து அளவொத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வாய்விட்டுப் படித்தால் காதே சொல்லிவிடும். நீளமான விளக்கம் இதற்குத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குள்ளேயே அது இருந்தது. 'கவிஞர் தம் காதலனை நினைத்து வருந்துகிறார்' என்று ஓர் அகப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பாட்டில் வருந்துபவள் தலைவி. எழுதியவர் வேறு, பேசுபவர் வேறு. தமிழில் இதற்குக் கூற்று என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது: தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று. ஆலங்குடி வங்கனார் ஒரு பரத்தையின் குரலில், அவளுடைய கோபத்தோடும் தன்மானத்தோடும் பேசினார். பெருங்கடுங்கோ சேர அரசர். பேசியது ஒரு தோழியாக. நாவலிலும் சிறுகதையிலும் கதைசொல்லி, நோக்குநிலை என்று நீங்கள் படிக்கப்போவதற்கு அடித்தளம் இதுதான். 'நான்' என்று ஒரு சிறுகதை தொடங்கினால் அந்த 'நான்' எழுத்தாளர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யார் காதில் விழ வேண்டும் என்று பேசுகிறார் என்று கேளுங்கள். வாளைமீன் பாட்டில் அந்த மூன்றாவது கேள்வி இல்லாவிட்டால் பாட்டே விளங்காது. புனைகதைக் கோட்பாடுகளில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது, வாசிப்பின் வழியே அறிந்ததுதான். ஆகவே அந்தப் பகுதியில் உங்கள் ஆசிரியர் சொல்வது என் சொல்லோடு மாறுபட்டால் அவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். தண்டியலங்காரத்தின் பொருளணியியலில் 35 அணிகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினால் பத்தாவதுக்குள் சலித்துவிடும். குறுந்தொகையை எடுங்கள். பெரும்பாலான பாட்டு நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும், உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பின் உரையும் குறிப்புகளும் நல்ல துணை. நாளுக்கு ஒரு பாட்டு போதும். உரையை ஒரு தாளால் மூடிக்கொண்டு பாட்டை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். எந்தெந்தப் பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, எது சொல்லப்பட்டது, எது விடப்பட்டது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். அதன் பிறகு தாளை எடுத்து உரையைப் பாருங்கள். முதல் வாரத்தில் பாதிக்கு மேல் தவறாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து அந்த ஓரக் குறிப்புகளில் இரண்டு மூன்றை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.